இமாமின் பெயர், ஊராரின் வாய்க்கால்: கில்கித் கிராமத் திட்டம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பாகிஸ்தான் ஆளும் கில்கித் பகுதியில், காரகோரம் மலைகளுக்கு நடுவே இருக்கும் ஹுன்சாவில் மழையை நம்பி விதைத்தால் ஒரு படி கோதுமைகூட வீட்டுக்கு வராது. பள்ளத்தாக்கின் அடியில் ஆண்டு மழை 15 சென்டிமீட்டரைத் தாண்டுவதே அபூர்வம். அண்ணாந்து பார்த்தால் ஏழாயிரம் மீட்டருக்கு மேல் சிகரங்கள், அவற்றில் வேண்டிய மட்டும் பனி. கீழே ஆறும் ஓடுகிறது. ஆனால் அது கிடக்கும் ஆழத்திலிருந்து வயலுக்குத் தண்ணீரை ஏற்ற முடியாது. மேலே பனிப்பாறை உருகி வரும் ஓடையை மறித்து, செங்குத்தான பாறையின் இடுப்பில் வாய்க்கால் வெட்டி, கிலோமீட்டர் கணக்கில் சுற்றிக் கொண்டுவந்தால்தான் பயிர். வாய்க்காலுக்குக் கீழே பச்சை, மேலே மொட்டைக் கல். அந்த ஊர்களின் நில வரைபடமே அவ்வளவுதான்.

வெட்டினால் மட்டும் போதாது. ஒவ்வொரு வசந்தத்திலும் பாறை சரிந்து வாய்க்கால் தூர்ந்திருக்கும். ஊரே திரண்டு போய்ச் சரிசெய்ய வேண்டும். நம்மூர் ஏரிகளுக்குக் குடிமராமத்து எப்படியோ அங்கே வாய்க்காலுக்கு அப்படி. அந்தக் கூட்டு வேலைக்கு ஆள் கூப்பிடும் அதிகாரம் பல நூற்றாண்டுகளாக மீர் என்ற சிற்றரசரிடம் இருந்தது. அவர் வரி வாங்கினார், கூலியில்லாத வேலை வாங்கினார், வராதவனைத் தண்டித்தார். 1970களின் தொடக்கத்தில் பாகிஸ்தான் அரசு இந்தச் சிற்றரசுகளை ஒவ்வொன்றாகக் கலைத்தது. ஹுன்சாவின் முறை 1974இல் வந்தது. வரியும் கூலியில்லாத வேலையும் ஒழிந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். சரி, வாய்க்காலைத் தூர்வார யார் கூப்பிடுவது? அரசின் பொதுப்பணித் துறை அத்தனை மலை ஊர்களுக்கும் வந்து சேரப்போவதில்லை. பழைய அதிகாரம் போய்விட்டது, அந்த இடத்தில் வேறொன்றும் வரவில்லை.

இந்த வெற்றிடத்துக்குள்தான் 1982 டிசம்பரில் ஆகா கான் கிராம ஆதரவுத் திட்டம் நுழைந்தது. பாகிஸ்தான் அந்தப் பகுதியை அப்போது 'வடக்குப் பகுதிகள்' என்று அழைத்தது. 2009 முதல் கில்கித்-பல்திஸ்தான் என்கிறது. இந்தியாவும் உரிமை கோரும் நிலம் அது. அந்த வழக்கு இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். திட்டம் எடுத்துக்கொண்டது கில்கித், பல்திஸ்தான், இவற்றோடு பக்கத்தில் சித்ரால். பரப்பு ஏறக்குறைய 70,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். ஆயிரத்துக்கும் அதிகமான ஊர்கள் இருந்தாலும், மொத்த மக்கள்தொகை அப்போது பத்து லட்சத்தைத் தொடவில்லை.

திட்டத்துக்குப் பெயர் தந்தவர் ஷியா இஸ்மாயிலி முஸ்லிம்களின் 49ஆவது இமாமான ஆகா கான். 1957இல் இருபது வயதில் பொறுப்பேற்றவர், 2025 பிப்ரவரியில் லிஸ்பனில் காலமானார். இஸ்மாயிலிகளுக்கு அவர் வெறும் சமயத் தலைவர் அல்ல, அவர் சொல் வழிகாட்டுதல். வருமானத்தில் ஒரு பங்கை இமாமிடம் சேர்ப்பது அவர்களின் சமயக் கடமை. ஹுன்சாவிலும் கில்கித்துக்கு மேற்கே உள்ள பள்ளத்தாக்குகளிலும் மேல் சித்ராலிலும் அவரைப் பின்பற்றுவோர் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். 1946இல் அவருடைய தாத்தா, முந்தைய இமாம், தன் வைர விழாவை ஒட்டி அங்கே பள்ளிக்கூடங்கள் திறந்தார். அதன் விளைவாக ஹுன்சாவில் எழுத்தறிவு இன்றும் சுற்றுப்புறத்தைவிட வெகு தூரம் முன்னால் இருக்கிறது. 1967இல் ஜெனிவாவில் ஆகா கான் அறக்கட்டளை பதிவானது. பள்ளியும் மருத்துவமும் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தன. வருமானத்துக்கு வழி செய்யும் வேலைதான் புதிது.

அந்த வேலைக்கு அறக்கட்டளை தேடிப் பிடித்த ஆள் இஸ்மாயிலி அல்ல. ஷுஐப் சுல்தான் கான் பாகிஸ்தான் ஆட்சிப் பணியில் இருந்தவர். 1970களில் பெஷாவர் பக்கம் தாவூத்சாய் என்ற இடத்தில் ஊர்ச் சங்கங்களை வைத்து ஒரு முயற்சி செய்தார். ஆட்சி மாறிய வேகத்தில் அது நின்றுபோனது. பிறகு யூனிசெஃப் சார்பில் இலங்கைக்கு வந்து மகாவலி குடியேற்றங்களில் வேலை பார்த்தார். கில்கித்துக்கு அவர் போனது அங்கிருந்துதான். அவருடைய குரு அக்தர் ஹமீத் கான். ஐ.சி.எஸ். பதவியை 1945இல் உதறிவிட்டுப் பூட்டுச் செய்யும் தொழிலாளியாக இருந்து பார்த்த மனிதர், 1959இல் இன்றைய வங்கதேசத்தின் கொமில்லாவில் கூட்டுறவு முயற்சியைத் தொடங்கியவர், 1980இல் கராச்சியின் ஓரங்கி குடிசைப் பகுதியில் மக்களே கழிவுநீர்க் குழாய் போட வழி செய்தவர். இவர்கள் இருவரும் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்ன முன்னோடி 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியின் ரைஃபைசன், விவசாயிகளின் கடன் சங்கங்களை உண்டாக்கியவர். ஆக, முஸ்லிம் இமாம் ஒருவரின் பெயரில் வந்த திட்டத்தின் மூளை ஜெர்மன் கிராமத்திலும் வங்காளத்திலும் பழுத்தது. மத நிறுவனம் ஒன்று ஊர் வேலைக்கு இறங்கும்போது தன் ஆட்களை மட்டும் நம்பாமல் வெளியே தேடியது. இந்தக் கதையில் நான் முதலில் மதிப்பது அதைத்தான்.

பேரம்

ஊருக்குள் நுழைந்த விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஜீப்பிலோ, சாலையே இல்லாத இடத்துக்கு அறக்கட்டளையின் ஹெலிகாப்டரிலோ ஒரு சின்னக் கூட்டம் வந்து இறங்கும். ஊர் ஆண்கள் திறந்த வெளியில் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். வந்தவர் முதலில் சொல்வது, தன்னிடம் என்னென்ன இல்லை என்பதை. மனு வாங்க வரவில்லை, இலவசம் எதுவும் கிடையாது. பிறகு கேள்வி: ஊரில் எல்லா வீட்டுக்கும் பயன்படுகிற, நீங்களே கட்டி நீங்களே பராமரிக்கக்கூடிய, வருமானம் தருகிற ஒரே ஒரு வேலை எது? ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கரண்ட் என்று பட்டியல் நீளும். எது முதலில் என்று அவர்களுக்குள்ளேயே வாதம் நடக்கும். பெரும்பாலும் வந்து நிற்பது புது வாய்க்கால் அல்லது இணைப்புச் சாலை. இது முதல் உரையாடல்.

இரண்டாவது உரையாடல் மலைமேல் நடக்கும். திட்டத்தின் பொறியாளரும் ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து வாட்டம் பார்ப்பார்கள். எந்தப் பாறை குளிர்காலத்தில் வெடிக்கும், எந்தச் சரிவு எப்போது இறங்கும் என்பதெல்லாம் ஊராருக்குத்தான் தெரியும். கருவியும் கணக்கும் பொறியாளர் பக்கம். செலவு மதிப்பீடு கையில் வந்ததும் மூன்றாவது உரையாடல்: நிபந்தனை.

இரண்டு பக்கமும் கடமைகள் உண்டு. வீட்டுக்கு ஒருவர் வீதம் சங்கத்தில் சேர வேண்டும். பிரதிநிதிகள் மட்டும் கூடிப் பேசும் கமிட்டி செல்லாது, எல்லோரும் உட்கார்ந்த பொதுக்கூட்டம்தான் முடிவெடுக்கும். கூட்டம் ஒழுங்காக நடக்க வேண்டும், ஒவ்வொரு கூட்டத்திலும் ஒவ்வொருவரும் சிறு தொகையாவது சேமிக்க வேண்டும். வாய்க்கால் போகும் நிலத்துக்கு யாரும் விலை கேட்கக் கூடாது. வேலைக்குச் சந்தைக் கூலியைவிடக் குறைந்த கூலி, அதிலும் ஒரு பகுதி சங்கச் சேமிப்புக்குப் போகும். முடிந்த பிறகு பராமரிப்பு ஊரின் பொறுப்பு. இவ்வளவுக்கும் சம்மதம் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்தானால்தான் திட்டத்தின் பணம். அதுவும் ஒரே தடவைதான் கிடைக்கும் மானியம். தவணையாகத் தருவார்கள். செக்கை ஊர் முழுக்கப் பார்க்கும் பொதுக்கூட்டத்தில் நீட்டுவார்கள். எவ்வளவு வந்தது என்பது கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் தெரியும்.

மகளிர் குழுக் கூட்டங்களில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்தக் கடைசி விஷயத்தின் அருமை தெரியும். பணம் எவ்வளவு என்பது ஊக்குநருக்கும் பிரதிநிதிக்கும் மட்டும் தெரிந்த குழு எத்தனை நாள் நிற்கும்?

மானியம் ஒரு தூண்டில்தான். திட்டத்துக்கு உண்மையில் வேண்டியிருந்தது சங்கம். வாய்க்காலுக்காகக் கூடியவர்கள் அந்தப் பழக்கத்தில் உரத்துக்குக் குறுகிய காலக் கடன் வாங்கினார்கள், சங்கச் சேமிப்பே அதற்குப் பிணை. ஊரிலிருந்தே ஒருவருக்குக் கால்நடைத் தடுப்பூசி போடவும், இன்னொருவருக்குப் பழமரப் பூச்சியைப் பார்க்கவும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுக்குக் காசு தந்தது ஊர்க்காரர்கள்தான், திட்டம் அல்ல. பெண்களுக்குத் தனிச் சங்கங்கள் ஓரிரு ஆண்டுகளில் தொடங்கின. காய்கறி விதையும் கோழிக்குஞ்சும் முதலில் வந்தன. சின்னச் சமாச்சாரம்தான், ஆனால் அந்தக் காசு பெண்கள் கையில் நின்றது. 2000ஆம் ஆண்டை ஒட்டி ஆண், பெண் சங்கங்கள் சேர்ந்து எண்ணிக்கை 4,000க்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

வேறு நம்பிக்கைக்காரர்கள்

இந்தத் திட்டம் ஹுன்சாவோடு நின்றிருந்தால் இதைப் பற்றி எழுத அதிகம் இருந்திருக்காது. இமாம் ஆசி தந்தார், அடியார்கள் ஓடி வந்தார்கள் என்று முடிந்திருக்கும். அந்த ஊர்களில் மக்கள் தாமாக முடிவெடுத்தார்களா, இமாம் சொன்னதைச் செய்தார்களா என்று பிரித்துப் பார்ப்பதும் கஷ்டம்.

நிலவியல் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஹுன்சா ஆற்றுக்கு எதிர்க்கரையில் நகர் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே ஷியாக்களில் வேறொரு பிரிவான பன்னிரு இமாம் ஷியாக்கள். கிழக்கே பல்திஸ்தானில் அவர்களோடு நூர்பக்ஷி மரபினர். தெற்கே தியாமர் பக்கமும் கீழ் சித்ராலிலும் சுன்னிகள். இஸ்மாயிலிகளின் நம்பிக்கையைப் பற்றி இவர்களில் பலருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆகா கான் பெயரைத் தாங்கி ஜீப் வந்தால், மதம் மாற்ற வருகிறார்கள் என்ற பேச்சு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். எதிர்த்துப் பேசிய மதகுருமார் உண்டு. பெண்கள் சங்கம் என்றால் எதிர்ப்பு இன்னும் பலமாகும்.

திட்டம் இதற்குச் சாமர்த்தியமாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. எல்லா ஊருக்கும் ஒரே நிபந்தனை, ஒரே மானிய முறை. ஊழியர்களை எல்லாப் பிரிவிலிருந்தும் எடுத்தார்கள். தொழுகை, வழிபாடு பற்றிக் கூட்டத்தில் ஒரு வார்த்தை கிடையாது. கூப்பிட்ட ஊருக்குப் போனார்கள். எதிர்க்கரை ஊரில் புது வாய்க்கால் வந்து, மொட்டைக் கல்லில் பாப்ளரும் ஆப்ரிக்காட்டும் முளைப்பதைப் பார்த்துக்கொண்டே எத்தனை வருஷம் சும்மா இருப்பார்கள்? நகர்ப் பள்ளத்தாக்கிலும் பல்திஸ்தானிலும் சங்கங்கள் உருவாயின. தெற்கில் அஸ்தோர் தாமதமாகத் திறந்தது. தியாமரின் மற்றப் பள்ளத்தாக்குகள் பெரும்பாலும் திறக்கவே இல்லை.

கசப்பு ஒழிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். 1988 மே மாதம் கில்கித்தைச் சுற்றி நடந்த ஷியா-சுன்னி வன்முறையில் ஊர்கள் எரிந்தன. 2004 டிசம்பரில் சித்ராலில் இமாமின் மருத்துவச் சேவை ஊழியர்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். வாய்க்கால் சங்கம் மதப் பகையைத் தீர்க்கும் என்று யாரும் சொல்லவில்லை, அது தீர்க்கவும் இல்லை. பகை இருக்கும்போதே வேலை நடக்க முடிந்தது. என் கணக்கில் அதுவே பெரிய விஷயம்.

அப்படியானால் நம்பிக்கையின் பங்குதான் என்ன? பணம் என்று பலர் நினைப்பார்கள். அது அரை உண்மை. தொடக்கப் பணமும் நிர்வாகமும் அறக்கட்டளையுடையவை. ஆனால் திட்டம் வளர்ந்த வேகத்துக்குத் தீனி போட்டதில் கனடா, பிரிட்டன், நெதர்லாந்து முதலிய நாட்டு அரசுகளின் உதவிப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இமாமின் பெயர் அந்தக் கதவுகளைத் திறந்தது என்பது சரிதான். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது கால அவகாசம். வெளிநாட்டு உதவி மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று வந்து போகும். அரசு அதிகாரி மாற்றலாகிப் போவார். தாவூத்சாயில் ஷுஐப் சுல்தான் கான் பட்டதே அதுதான். இங்கே மட்டும் பத்து, பதினைந்து வருஷம் ஒரே நிபந்தனையைத் திரும்பத் திரும்பச் சொல்ல முடிந்தது. காரணம், பின்னால் நின்றது அந்த மலையில் தலைமுறைகளாக வேர் பிடித்த, எங்கும் போகப்போகாத ஒரு சமய நிறுவனம். அடுத்த வருஷம் இவர்கள் இருப்பார்களா என்று நகர்ப் பள்ளத்தாக்குக்காரர் சந்தேகப்பட வேண்டியதில்லை. அவர்களைப் பிடிக்கவில்லை என்றாலும் இருப்பார்கள் என்பது தெரியும்.

என்ன விளைந்தது

உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவு இந்தத் திட்டத்தை நான்கு முறை ஆராய்ந்தது. முதலாவது 1987இல் வந்தது, நான்காவது 2002இல். தனக்குக் கடன்பட்டிராத ஒரு தனியார் அமைப்பை அது இவ்வளவு தூரம் பின்தொடர்ந்தது அரிது. முதல் பத்தாண்டுகளில் பகுதி மக்களின் உண்மை வருமானம் ஏறக்குறைய இரட்டிப்பானது என்பது இந்த ஆய்வுகளிலிருந்து எல்லோரும் எடுத்துக்காட்டும் முடிவு.

அதை அப்படியே விழுங்க நான் தயாரில்லை. காரகோரம் நெடுஞ்சாலை 1970களின் இறுதியில் முடிந்தது. 1986இல் சீன எல்லையான குஞ்சராப் கணவாய் வெளிநாட்டுப் பயணிகளுக்கும் திறந்தது. ஆட்டுப்பாதை இருந்த இடத்தில் லாரி வந்தால் சங்கம் இல்லாமலேயே வருமானம் ஏறும். உருளைக்கிழங்கு விதையும் காய்ந்த ஆப்ரிக்காட்டும் சமவெளிக்குப் போனது அந்தச் சாலையில்தான். இளைஞர்கள் கராச்சிக்கு வேலைக்குப் போனதும் அதே சாலையில்தான். சாலையின் பங்கு எவ்வளவு, சங்கத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது சுலபமில்லை. ஆனால் சாலையிலிருந்து ஊருக்குள் போக ஊரார் போட்ட இணைப்புச் சாலை இல்லாவிட்டால் அந்த லாரி நின்ற இடத்திலேயே நின்றிருக்கும்.

சோர்வும் வந்தது. வாய்க்கால் முடிந்ததும் பல சங்கங்களில் கூட்டம் குறைந்தது. தூண்டிலை எடுத்துவிட்டால் மீன் எதற்கு வரும்? தண்ணீர் வந்த புது நிலம் எதிர்பார்த்த வேகத்தில் வயலாகவில்லை. கல் பொறுக்கி மண் சேர்க்க ஆள் வேண்டும், வீட்டு இளைஞன் கராச்சியில் இருந்தான். சங்கத்தின் பேரில் வாங்கிய கடன் சில ஊர்களில் இரண்டு மூன்று பேருக்குள் சுற்றியது, திரும்பி வருவது தாமதமானது. சேமிப்பையும் கடனையும் ஒரு தொண்டு நிறுவனமே கையில் வைத்திருப்பது சரியல்ல என்ற முடிவுக்கு வந்து, 2002இல் அந்தப் பகுதியை முறையான நுண்கடன் வங்கி ஒன்றுக்கு மாற்றினார்கள். கணக்கு ஒழுங்கானது. ஆனால் பொதுக்கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் காசு கட்டிய சடங்கு போய், கவுண்டரில் தனித்தனியாகக் கட்டுவதாக ஆனது. சங்கத்தைக் கட்டிப்போட்ட கயிறு அங்கே கொஞ்சம் தளர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. 'எல்லா வீட்டுக்கும் பயன்படும் ஒரே வேலை' என்ற கேள்வி அங்கே ஓடியதற்குக் காரணம், அந்த ஊர்களில் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் கொஞ்சமாவது நிலம் இருந்தது. ஜமீன்தார் ஒருவரும் நிலமில்லாத நூறு குடும்பமும் உள்ள ஊரில் வாய்க்கால் வெட்டினால் பயன் யாருக்குப் போகும் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாதித் தெருக்கள் பிரிந்து கிடக்கும் ஊரில் ஒரே பொதுக்கூட்டம் என்பதே முதல் சிக்கல்.

எல்லை தாண்டிய மாதிரி

ஷுஐப் சுல்தான் கான் 1992இல் மகசேசே விருது பெற்றார். 1994இல் கில்கித்தை விட்டு, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் தெற்காசிய வறுமை ஒழிப்பு முயற்சிக்குப் போனார். அந்த முயற்சியின் இந்தியக் களம் ஆந்திரம்: கர்நூல், மகபூப்நகர், அனந்தப்பூர் மாவட்டங்கள். அங்கே கில்கித் முறையை அப்படியே இறக்க முடியவில்லை. ஊர் முழுக்க ஒரே சங்கம் என்பதற்குப் பதில் ஏழைப் பெண்களின் குழுக்கள் அடித்தளமாயின, அவற்றுக்கு மேல் கிராமக் கூட்டமைப்பு, அதற்கு மேல் மண்டலக் கூட்டமைப்பு. அந்த அனுபவத்தின் மேல்தான் 2000இல் ஆந்திர அரசின் கிராம வறுமை ஒழிப்புச் சங்கம் எழுந்தது, 'வெலுகு' திட்டம் வந்தது. 2011இல் தொடங்கிய தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் ஆந்திரத்தைத்தான் பெரிதும் பார்த்து எழுதியது.

தமிழ்நாட்டு மகளிர் குழுக்களுக்குத் தனிப் பிறப்பு உண்டு, 1989இல் தர்மபுரியில். அதை கில்கித் கணக்கில் எழுத முடியாது. ஆனால் இன்று நம் ஊராட்சிகளில் குழு, அதற்கு மேல் கூட்டமைப்பு என்று அடுக்கியிருக்கும் தேசிய அமைப்பின் ஒரு கிளைவேர் கர்நூல் வழியாகக் காரகோரம் வரை போகிறது. இந்தியாவும் பாகிஸ்தானும் கார்கிலில் சண்டை போட்டுக்கொண்டிருந்த 1999இலும் அந்தப் பாகிஸ்தானியரின் யோசனையில் அனந்தப்பூர்ப் பெண்கள் பாஸ்புக்கில் வரவு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

கில்கித்திலேயே அமைப்பு மாறியது. 2000களின் நடுவிலிருந்து ஊர்ச் சங்கங்களைச் சேர்த்து யூனியன் அளவில் உள்ளூர் ஆதரவு அமைப்புகள் வந்தன. தாய்த் திட்டம் கைகாட்ட, அவை தாமே அரசிடமும் கொடையாளரிடமும் பேரம் பேச வேண்டும் என்பது எண்ணம். சில நன்றாக நடக்கின்றன, சில பெயர்ப் பலகையோடு நிற்கின்றன. சித்ராலில் ஊராரே நடத்தும் சிறு நீர்மின் நிலையங்கள் இன்னொரு நல்ல கிளை. 180க்கும் மேல் கட்டிய அந்த வேலைக்கு 2004இல் ஆஷ்டன் விருது கிடைத்தது. கம்பி வராத ஊரில் ஓடைத் தண்ணீரிலேயே விளக்கு எரிந்தது.

இப்போதைய தலைவலி பேரத்தின் அடிப்படையையே தொடுகிறது. 2010 ஜனவரி 4 அன்று அத்தாபாத்தில் மலை சரிந்து ஹுன்சா ஆற்றை அடைத்தது. இருபது பேர் இறந்தார்கள், மேலே இருந்த ஊர்களின் வீடுகளும் தோட்டங்களும் புது ஏரிக்குள் போயின. 2022 மே மாதம் ஷிஸ்பர் பனிப்பாறை ஏரி உடைந்து ஹசனாபாத் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. இவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும், பனிப்பாறையின் முனை பின்வாங்கும் இடங்களில் வாய்க்காலின் தலைமடை அந்தரத்தில் நிற்கிறது, தண்ணீர் அதற்குக் கீழே ஓடுகிறது. 'கட்டப் பணம் தருகிறோம், பராமரிப்பு உங்களுடையது' என்ற நிபந்தனையில் இதற்கு இடமில்லை. கல் விழுந்தால் எடுத்துப் போடலாம், ஓடும் பனிப்பாறையை ஊர் கூடிப் பிடித்து நிறுத்த முடியாது. தலைமடையை இன்னும் மேலே நகர்த்துவதா, கீழே ஆற்றிலிருந்து சூரிய மின் மோட்டாரில் ஏற்றுவதா என்று ஊர்களில் பேச்சு நடக்கிறது. மோட்டார் வைத்தால் பழுது பார்க்கும் செலவு வீட்டுக்கு எவ்வளவு வரும் என்ற கணக்கு, பழையபடி பொதுக்கூட்டத்துக்குத்தான் வருகிறது.